ஊற்றுக்கு நடந்த வேலி

டிரான்சிதோவின் வேலி மேற்கே நடக்கத் தொடங்கியது மக்காச்சோளம் விலையேறிய வாரத்தில். அதனால் ஊர் முதலில் சோளத்தைப் பற்றித்தான் பேசியது. எங்கள் ஊரான லாஸ் அமாதெஸில் வேலி என்றால் பின்யுவேலாச் செடிதான். அன்னாசிக்குப் பங்காளி, குணமும் பங்காளிக் குணமே. ஒரே இலையில் முள் முன்னும் பின்னும் வளைந்திருக்கும், நுழைந்த கோழி திரும்பாது. கோழிமுட்டை அளவில் மஞ்சள் பழம். பச்சையாக நாலைந்து தின்றால் நாக்கில் ரத்தம் கசியும், ஆனாலும் தின்போம். மற்ற வீட்டு வேலிகளெல்லாம் நட்ட இடத்திலேயே நின்றன.

அந்தக் கோடையில், மரியாதைக்கு 'தோன்' போட்டு நாங்கள் கூப்பிடும் பண்ணைக்காரர் தோன் பவுதீலியோ, ஊர் ஊற்றைச் சுற்றிக் கம்பி போட்டுத் தன் மாடுகளுக்கென்று வைத்துக்கொண்டார். பெண்கள் மலையைச் சுற்றி ஆற்றுக்குப் போனார்கள். நிறைமாதக்காரியான டிரான்சிதோவும் குடத்தோடு போனாள். ஒருநாள் பாதி வழியில் குடம் உடைந்து, வெறுங்கையோடு திரும்பியவள் ஆத்திரத்தில் வேலியை எட்டி உதைத்தாள்.

"இந்த ஊரு ஆம்பளைங்களுக்குத்தான் ரோஷமில்ல, உனக்குமா இல்ல?"

மறுநாளே வேலி ஓரடி நகர்ந்திருந்தது, மேற்கே ஊற்றைப் பார்த்து. பக்கவாட்டில் புதுக் கன்றுகள் முளைத்து இடைவெளியை அடைத்துக்கொண்டன. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை! வேலி நடப்பதைப் பார்க்க ஞாயிறுதோறும் கூடி மாரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் வாசித்தார்கள், பின்யுவேலாப் பழமும் சோளமும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். டிரான்சிதோவுக்குப் பெண் பிறந்தது. பிள்ளையும் வேலியும் சேர்ந்தே நடை பழகின.

பக்கத்து வீட்டுக் கந்தேலாரியாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டி, உன் புருஷனவிட உன் வேலி சுறுசுறுப்பா இருக்கே!"

"அவரு படுத்தா எந்திரிக்க மாட்டாருக்கா. இது படுக்கவே மாட்டேங்குது."

தோன் பவுதீலியோ ஆள்விட்டு வெட்டினார். வெட்டிய இடத்தில் இரட்டையாக முளைத்தது. தீ வைத்தார்; பச்சை முள் பற்றவில்லை, அவருடைய புல்தான் எரிந்தது. கடைசியில் யாரும் செய்யாத காரியம் செய்தார். முள்ளை முள்ளால் மறிக்கலாமென்று எதிரே தானும் ஒரு வரிசை பின்யுவேலா நட்டார். அந்த வரிசை வேர் பிடித்ததும் திரும்பி நின்று டிரான்சிதோவின் வேலியோடு சேர்ந்து நடந்தது. ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

அடுத்த கோடையில் வேலி கம்பியைச் சாய்த்து, ஊற்றைச் சுற்றி வளைத்து நின்றது. விசில் பறந்தது, தொப்பிகள் பறந்தன. அப்புறம்தான் கவனித்தோம், வேலியில் வாசலே இல்லை. தண்ணீர் முழுக்க டிரான்சிதோவின் பக்கம்.

"இனிமே உன்னப் பண்ணக்காரம்மான்னு கூப்பிடணுமாடி?" என்றாள் கந்தேலாரியா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

டிரான்சிதோ ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசை வந்தது அவளுக்கு. பொய் சொல்வானேன், முகத்திலேயே தெரிந்தது. பிறகு பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, வெட்டினால் பெருகும் என்பதால், வெறுங்கையால் ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள். முழங்கைவரை ரத்தம்.

"வேலி என்னுதுதான். தண்ணியுமா என்னுது? பாத்துட்டே நிக்கிறீங்களே, வாங்க!"

நாங்கள் பாய்ந்தோம். அன்று கையில் கீறல் இல்லாதவர் ஊரில் ஒருவருமில்லை. இரண்டு மாடு சேர்ந்து நுழையும் அளவுக்கு வழி திறந்தது. வேலியும் அதோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலை தோன் பவுதீலியோ தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு, குடங்களோடு நின்ற வரிசையைத் தாண்டி நேரே முன்னால் வந்தார். ஊற்றில் குடத்தைச் சாய்த்திருந்த கந்தேலாரியா அதை நிமிர்த்தவேயில்லை.

"வரிசை பின்னாடி இருக்குங்க, தோன்."

அவர் வேலியைப் பார்த்தார். மாடுகளைத் திருப்பிக்கொண்டு போய்க் கடைசியில் நின்றார்.