கொக்குக்கு எதற்கு அவ்வளவு கழுத்து

மேட்டின் மேல் நின்ற அந்தக் கல்கொக்குக்குக் கழுத்து ஒரு முழம் அதிகம். கொக்கென்றால் கழுத்து நீளம்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இது அலகை வானத்தைப் பார்த்துத் திறந்துகொண்டு, யாரோ மேலேயிருந்து பிடித்து இழுத்ததைப் போல நின்றது. முட்செடிகளை வெட்டி அதை வெளியே எடுத்த அன்றே ஃபியூஸ் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்துவிட்டான்.

"சிற்பிக்கு உளியைக் கீழ வைக்க மனசு வரலை போல அண்ணி" என்றான்.

ஃபியூஸ், பிளம்பரம்மாவின் கொழுந்தன். எலெக்ட்ரீஷியன். சட்டென்று பொங்கிச் சட்டென்று அணைந்துவிடுவதால் வீட்டில் வைத்த பெயர் அது. பிளம்பரம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தது வாடிக்கையாளர்கள். இருபது வருடமாகக் குழாய் வேலை செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்துதான் வேலை எடுப்பார்கள். சேர்ந்து எடுத்துவிட்டுத் தனித்தனியாகச் சண்டை போடுவார்கள்.

இந்தத் தோட்டத்துக்கு அவர்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரை விட்டுத் தள்ளி, ஒரு பெரிய பழைய வீட்டைச் சுற்றிப் பதினைந்து ஏக்கர். இருபத்திரண்டு வருடமாக மனிதக் கால் படாத இடம். இங்கே இருந்த பெரியவர் போன பிறகு வீடு அவருடைய தம்பி பிள்ளைகள் மூன்று பேருக்கு வந்தது; மூத்தவர் ஒரு பல் டாக்டரம்மா. அவர் ஓய்வு பெற்றதும் நேரே இங்கே வந்து, "இது தோட்டமா காடா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று சாவியை நீட்டினார்.

தோட்டம்தான் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. காட்டில் மரங்கள் வரிசையில் நிற்பதில்லை. இங்கே புதருக்கு நடுவே முப்பது மரங்கள் கயிறு பிடித்ததைப் போல நேர்கோட்டில் நின்றன. ஒரு காலத்தில் இடுப்பளவு வேலிச்செடிகளாகக் கத்தரித்து வைத்திருந்தவை. கத்தரிக்க ஆளில்லாமல் போனதும் மரமாகிவிட்டன. பாதைகளைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். நீளக் கம்பியால் மண்ணைக் குத்திக்கொண்டே போவார்கள். 'பொத்' என்றால் வெறும் மண். 'ணங்' என்றால் கீழே கல் பாவியிருக்கிறது. ணங், ணங் என்று குத்திக்கொண்டே போனதில் ஒரு வாரத்தில் மொத்தப் பாதையும் வரைபடத்துக்கு வந்தது. பாதை முடிந்த இடத்தில், வீட்டுக்கு எதிரே, நீரூற்று இருந்தது.

அதன் பழைய புகைப்படம் ஒன்று டாக்டரிடம் இருந்தது. தோட்டத்தைப் போட்ட கொள்ளுத்தாத்தா காலத்தது. நீரூற்று இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் விரித்த குடையைத் தலைக்கு மேல் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருக்கிறார். "வெயில் பக்கவாட்டுல அடிச்சிருக்கும்" என்பது ஃபியூஸின் ஆராய்ச்சி.

பிளம்பரம்மாவை உறுத்தியது குடை அல்ல. அந்தக் காலத்தில் இங்கே கரண்ட் கிடையாது. பிறகு தண்ணீர் எப்படி எழும்பியது? விடை தோட்டத்து ஓரத்துக் குன்றின் மேல் இருந்தது. மழைநீர் சேரும் ஒரு குளம். நீரூற்றைவிட முப்பது அடி உயரம். உயரத்திலிருந்து மூடிய குழாய்க்குள் இறங்கும் தண்ணீர், வழி கிடைத்த இடத்தில் மறுபடி மேலே ஏறப் பார்க்கும். கிளம்பிய உயரத்தைத் தாண்டாது, உரசலில் கொஞ்சம் இழக்கும், ஆனால் ஏறும். மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை, செலவே இல்லாத வேலை.

"குளத்துத் தண்ணியிலேயே ஓட வெச்சுக் காட்டுறேன் டாக்டர்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவள்தான். வார்ப்பிரும்புக் குழாயைத் தோண்டியெடுத்து, நாற்பத்து மூன்று இணைப்புகளையும் பிரித்துப் புதிதாக ஈயம் வார்த்தாள். முழங்கால் இரண்டும் காய்த்துப்போயின.

வியாழக்கிழமை காலை குளத்து மதகைத் திறந்தார்கள். எல்லோரும் நீரூற்றைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ஏதோ உருண்டது. நீரூற்று மூன்று தடவை இருமியது. ஒரு வாய் பழுப்புத் தண்ணீரைத் துப்பியது. அவ்வளவுதான்.

"இருமல் மருந்து வாங்கியாரட்டுமா அண்ணி?" ஃபியூஸ் ஒரு பெரிய அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் புது மோட்டார். யாரும் கேட்காமலே வாங்கி வந்திருந்தான்.

"அந்தப் பெட்டியை என் கண்ணுல காட்டாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"அதான் மேல உட்கார்ந்து மறைச்சிருக்கேனே."

டாக்டர் சிரிக்கவில்லை. "பாருங்கம்மா, நான் மறைக்க விரும்பலை. குன்று மேல ஆறு விடுதி வீடு கட்டித் தர்றேன்னு ஒருத்தர் கேட்கிறார். குளத்தைத் தூர்த்தாத்தான் இடம் வரும். சனிக்கிழமை மத்தியானம் என் தம்பியும் தங்கச்சியும் சாப்பிட வர்றாங்க, அன்னைக்கு முடிவு பண்ணணும். குளத்தால ஒரு பிரயோஜனம் இருக்குன்னு நான் காட்டினாத்தான் அவங்க கேட்பாங்க. இல்லைன்னா கையெழுத்துப் போட்டுட்டு, ஃபவுண்டனுக்கு இந்தத் தம்பியோட மோட்டாரையே மாட்டிக்கலாம்."

பிளம்பரம்மா குன்றைத் திரும்பிப் பார்த்தாள். குளம் போனால் இந்த எட்டு மாத வேலையும் போன மாதிரிதான். பாத்திகளுக்கு ஓடும் வாய்க்கால், தாமரைத் தொட்டி, எல்லாமே அந்தக் குளத்தின் பிள்ளைகள்.

மத்தியானம் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாயோடு நடந்தாள். நான்கடிக்கு ஒரு தட்டு. தண்ணீர் நிறைந்த குழாயைத் தட்டினால் 'தட்' என்று அடங்கும். காலிக் குழாய் 'டங்' என்று பாடும். குன்றிலிருந்து பள்ளம் வரை தட், தட். பள்ளத்திலிருந்து நடுவில் இருந்த மேட்டுக்கு ஏறும்போதும் தட். மேட்டின் உச்சியில், கொக்கின் காலடியில், டங்.

"பிடிச்சிட்டேன்!" என்று கத்தினாள்.

ஃபியூஸும், தோட்டத்துச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரும் ஓடி வந்தார்கள்.

"காத்து மாட்டியிருக்கு. தண்ணி கனம், காத்து லேசு. குழாய் எங்க முதுகை வளைக்குதோ அந்த உச்சியில காத்து போய் உட்கார்ந்துக்கும். பஸ் படிக்கட்டுல ஒருத்தன் நிப்பான் பாரு, உள்ளேயும் போகமாட்டான், இறங்கவும் மாட்டான், அவனால பின்னாடி இருக்கிற அத்தனை பேரும் நிக்கணும். அந்த மாதிரி."

"அப்போ ஒரு ஓட்டை போட்டு அவனை இறக்கிவிடுங்க."

"இங்க ஓட்டை போட்டா காத்துக்குப் பின்னாடியே தண்ணியும் பீச்சும்டா. இந்த மேடு குளத்தைவிடத் தாழ்வு. ஓட்டைக்கு மேல ஒரு குழாயை நட்டு, அதோட வாயைக் குளத்து மட்டத்துக்கு மேல கொண்டுபோகணும். அப்போ காத்து மட்டும் போகும். தண்ணி அதுவரைக்கும் ஏறாது."

எவ்வளவு உயரம் வேண்டும்? சுவர் கட்டும்போது மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் கொத்தனாரிடம் இருந்தது. இரண்டை ஒட்டுப்போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கொத்தனார் குளத்தின் நீர்மட்டத்தில் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க மேட்டில் வேறு ஆதாரம் இல்லாததால் பிளம்பரம்மா அதைக் கொக்கின் உடம்போடு சேர்த்துப் பிடித்தாள். குழாய்க்குள் தண்ணீர் ஆடி, ஆடி, நின்றது.

கொக்கின் கழுத்தில் நின்றது. அலகுக்குச் சரியாக ஒரு சாண் கீழே.

அவள் அலகைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்துத் திறந்த அலகுக்குள், விரல் நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டை வழவழவென்று சிமெண்ட்டால் மூடியிருந்தது.

"அண்ணி? என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

சத்தம் கேட்டு டாக்டரும் வந்துவிட்டார். குளத்திலிருந்து திரும்பிய கொத்தனார் அலகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். பூசியது அவர் கை. மிக அழகாகப் பூசியிருந்தார். அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தான் திறக்காவிட்டால் பழி யார் தலையில் விழும் என்பதும் தெரிந்தது.

"நான்தான் டாக்டர்" என்றாள். "போன மாசம் இந்த ஓட்டை நிறையக் குளவிக்கூடு. அசிங்கமா இருக்கு, சுத்தம் பண்ணி அடைச்சிடுங்கன்னு இவர்கிட்ட நான்தான் சொன்னேன். தோட்டத்தைச் சரி பண்றேன்னு வந்து அதோட மூக்கை அடைச்சிட்டேன். பீடத்துக்கு அடியில போற குழாய்த் துண்டை மட்டும் நான் பிரிக்கலை, அதான் தெரியாமப் போச்சு. இது வெறும் சிலை இல்லை. காத்து போற வழி. அதனாலதான் இத்தனை கழுத்து. குளத்து மட்டத்தைத் தாண்டணுமே!"

ஃபியூஸ் கொக்கை ஏற இறங்கப் பார்த்தான். "அடப்பாவி ஒட்டகச்சிவிங்கி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்லும்? அதான் வாயை அடைச்சிட்டேனே."

அடைத்ததை எடுப்பதுதான் பாடு. உளி வைத்தால் பழைய கல் அலகு உடைந்துவிடும். கொத்தனார் தலையைச் சொறிந்தார். பிளம்பரம்மா தன் டிரில்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அதன் முனை அலகைவிடத் தடிமன்.

"தள்ளுங்க எல்லாரும்" என்றார் டாக்டர். "இது என் டிபார்ட்மெண்ட்."

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் ஏணி மேல் நின்றார். நெற்றியில் விளக்கு, ஒரு கையில் குட்டிக் கண்ணாடி, மறுகையில் 'ங்ங்ய்ய்' என்று கூவும் சின்ன டிரில். வீட்டிலிருந்து நூறு அடிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தது ஃபியூஸ்தான். மோட்டார் பெட்டியையும் இழுத்து வந்து, ஏணி ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தான்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல வாயை மூடாம ஒத்துழைச்ச பேஷண்ட் இது ஒண்ணுதான்" என்றார் டாக்டர் மேலேயிருந்து. "சிமெண்ட்டு நல்லாத்தான் பூசியிருக்கார். என் கம்பவுண்டரா வந்திருக்கலாம்."

கொத்தனார் முதல் முறையாகச் சிரித்தார்.

சாயங்காலம் கண்ணாடியில் ஒரு செப்பு வளையம் பளிச்சிட்டது. கழுத்துக்குள்ளே ஓடும் மெல்லிய குழாயின் வாய். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் இறங்காமல் நின்றார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குத் தம்பியும் தங்கையும் காரிலிருந்து இறங்கினார்கள். நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். தம்பி கையில் ஒப்பந்தத் தாள்கள் இருந்த கவர்.

"என்னக்கா, நாங்க வந்ததும் வராததுமா தோட்டத்துல நிக்க வெச்சுட்டே?" என்றாள் தங்கை.

"அஞ்சு நிமிஷம் இரு. ஒரு ஆள் பேசப்போகுது."

பிளம்பரம்மா மதகைத் திறந்துவிட்டுக் குன்றிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேட்டின் மேலிருந்து சன்னமாக ஒரு சீழ்க்கை கேட்டது. கொக்கு விசிலடித்தது. காற்று வெளியேற வெளியேற விசில் உயர்ந்துகொண்டே போய், சட்டென்று நின்றது.

"இறங்கிட்டான்!" என்று கத்தினான் ஃபியூஸ். "படிக்கட்டுல நின்னவன் இறங்கிட்டான் அண்ணி!"

நீரூற்று ஒருமுறை இருமியது. அப்புறம் இருமவில்லை. பழுப்பாகக் கிளம்பிய தண்ணீர் கண்முன்னே வெளுத்து, ஒரு ஆள் உயரம் எழுந்து, இரண்டு ஆள் உயரமாகி, மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தது. பிளம்பரம்மா காய்த்த முழங்காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மோட்டார் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டார் தம்பி.

"அதோ மேல. குளம்னு பேரு."

காற்று திரும்பியது அப்போதுதான். உச்சியில் பூவாக விரிந்த தண்ணீர் அப்படியே சாய்ந்து அத்தனை பேர் மேலும் கொட்டியது. தங்கை வீல் என்று கத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தம்பி கையிலிருந்த கவர் நனைந்து தொங்கியது. அதை அவர் கவனிக்கவே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அந்தக் கவரை அவர் கையிலிருந்து உருவி, நாலாக மடித்து, நீரூற்றின் விளிம்பில் வைத்தார்.

"குளத்துல யாரும் கை வைக்க வேண்டாம். சரியா?"

"சரிக்கா, சரி. முதல்ல ஒரு துண்டு குடு!"

நனையாமல் நின்றது ஒரே ஒரு ஆள். பிளம்பரம்மா திரும்பிப் பார்த்தாள். ஃபியூஸ் அட்டைப்பெட்டியின் மூடியைப் பிய்த்தெடுத்து, தலைக்கு மேல் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தான். புகைப்படத்தில் கோட்டுக்காரர் குடை பிடித்திருந்த அதே சாய்வு.

அவள் பார்ப்பதைப் பார்த்து அவனுக்கும் உறைத்தது. மூடிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"அண்ணி, மோட்டாரைக் கடையில திருப்பிக் குடுத்துடறேன். பெட்டியை மட்டும் வெச்சுக்கட்டுமா?"