மூன்றாம் ஓலை

"அப்ப அவரு பேரை வாசிச்சதும் நான் கத்தணுமாக்கா?"

"கத்தாத. எந்திரிச்சு நில்லு, போதும். சாமியாரே என்னன்னு கேப்பாரு. யாராச்சும் தடை சொல்லணும்னா சொல்லட்டும்னு ரெண்டு ஞாயிறு மாதாகோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு, இன்னைக்கு மூணாவது ஓலை. இதுவும் தாண்டிருச்சுன்னா புதன்கிழமை கல்யாணம். அப்புறம் நீ மலைக்கோட்டைல ஏறி நின்னு அழுதாலும் ஆகாது."

சொல்லிக்கொண்டே வியாகுலம்மாள் முத்துப்பேச்சிக்கு முக்காடு போட்டுவிட்டாள். சேவுகம்பட்டியிலிருந்து பூக்கூடையோடு திண்டுக்கல் சந்தைக்கு வருகிற முத்துப்பேச்சிக்கு அவள் வாடிக்கைக்காரி. முத்துப்பேச்சியின் புருஷன் சோலைமலை தோல்ஷாப்பு வேலைக்கென்று போன தையில் டவுனுக்கு வந்தவன். ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. அவன் கல்யாணமாகாதவன் என்று சொல்லி இங்கே பெண் கட்டப்போகிற செய்தியைக் கொண்டுவந்தவளும் வியாகுலம்மாள்தான்.

"நீயும் கூட உக்காரேன்க்கா."

"நல்லா இருக்கே! என் வீட்டுக்காரருக்கும் அதே ஷாப்புலதான் சோறு. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா அதுல மண்ணு. நீ அந்தா, நீலச்சேலைப் பிள்ளை பக்கத்துல போயி உக்காரு. வேற எங்கயும் உக்காராத."

வெளியே பஸ் ஹாரனும் ஜட்கா மணியும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. கோயிலுக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் கிணற்றில் விழுந்த செம்பு மாதிரி அமுங்கிப்போயிற்று. கண்ணாடி ஜன்னல்களின் சிவப்பும் பச்சையும் தூண்களில் வழிந்தன. இம்புட்டு உயரமான கூரைக்குக் கீழே தன் குரல் எங்கே போய்ச் சேரும்? நீலச்சேலைக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். நழுவிய முக்காட்டையும் அவளே சரிசெய்துவிட்டுச் சிரித்தாள்.

புரியாத பாஷையில் பூசை நீண்டது. பிறகு சாமியார் ஜனங்கள் பக்கம் திரும்பித் தாளை விரித்தார். தமிழ்! முத்துப்பேச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. சோலைமலை இல்லை.

"கிறிஸ்துராஜ்..."

இதுவும் இல்லை. அவளுக்கு உடம்பே லேசாயிற்று. வியாகுலக்கா ஆள் மாறிச் சொல்லிவிட்டாள்.

"...சேவுகம்பட்டி மொக்கைச்சாமி குமாரன். இவருக்கும் இந்தப் பங்கைச் சேர்ந்த மிக்கேல்ராஜ் குமாரத்தி அமலராணிக்கும்..."

மொக்கைச்சாமி அவள் மாமனார். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, பக்கத்தில் இருந்தவன் விலாவில் இடிக்க நெளிந்துகொண்டிருந்தான் சோலைமலை. ஞானஸ்நானம் வாங்கினால் பேர் மாறும் என்பது வியாகுலம்மாளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. அதனாலேயே சொல்லத் தோன்றவில்லை.

"ஏய், கல்யாணப் பொண்ணு!" பின்னாலிருந்து யாரோ கிள்ள, நீலச்சேலைக்காரி முகத்தை முக்காட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"...தடை ஏதும் தெரிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள்."

சாமியார் தாளை மடித்தார். முத்துப்பேச்சி எழப் பார்த்தாள். பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பீடத்தின் பக்கம் அவர் திரும்பத் தொடங்கினார்.

தாலிக்கயிற்றை ஒரு கையால் வெளியே இழுத்துப்போட்டு, மறுகையால் பக்கத்துப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தாயி, அந்தா வெள்ளைச் சட்டையில இருக்கறது என் வீட்டுக்காரரு. நான் எந்திரிக்கணும். என்னைச் செத்த தூக்கி விடு."