எட்வர்டுக்குப் பரிந்து பேசியவன்

சவூதியின் ஜுபைல் கேம்ப்பில் சாரம் கட்டும் வீரபாண்டிக்கு ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் கடைவாய்ப் பல் இரண்டு விழுந்தது. வெல்டர் பாலகுரு லீவுக்குப் போனபோது வாங்கி வந்த புது நாவல் அது. கதை நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கிறது. பஞ்சாலை முதலாளி எட்வர்டின் மனைவி ஹெலன், அப்போதைக்கப்போது வெளிவரும் நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்துவந்து தோழிகளோடு அலசுகிறாள். அது எட்வர்டுக்குப் பிடிக்கவில்லை. அறைகிறான்.

வெள்ளிக்கிழமை கறி வேகும் நேரத்தில் பாலகுரு ஒரு அத்தியாயம் வாசிப்பான். முடிந்ததும் ரூமில் பஞ்சாயத்து கூடும். கதை படித்துக் கெட்டுப்போகிறவளைக் கட்டினவன் கண்டிக்காமல் யார் கண்டிப்பது என்றான் வீரபாண்டி. வாய் மூடுமுன், யாரும் கை ஓங்காமலே, அவன் கன்னத்தில் ஐந்து விரல் பதிந்தது. மோதிரம் கிழித்த இடத்தில் ரத்தம் வந்தது. ஹெலன் வாங்கிய அடிக்கு நியாயம் சொன்னவன் அதைத் தானும் வாங்க வேண்டும் என்று மற்றவர்கள் புரிந்துகொண்டு, கறியில் உப்பு பார்த்தார்கள். அதுவரை எட்வர்டு பக்கம் பேசியவர்கள் அடுத்த வாரமே கட்சி மாறினார்கள். ஏழாம் அத்தியாயத்தில் பல் விழுந்தும் வீரபாண்டி மாறவில்லை. மாறினால், போன லீவில் மனைவி பூவாயியின் கையை முறித்தது தப்பென்று ஆகிவிடும். பத்தாம் அத்தியாயத்தில் எட்வர்டு ஹெலனை மாடிப்படியில் உருட்டிவிட்டான். கட்டிலில் உட்கார்ந்திருந்த வீரபாண்டிக்கு விலா எலும்பு முறிந்தது. வழுக்கி விழுந்ததாக கேம்ப் நர்ஸிடம் சொன்னான். பூவாயியும் ஆஸ்பத்திரியில் அதையேதான் சொல்லியிருந்தாள்.

கடைசி அத்தியாயத்தில் எட்வர்டு, கணப்பில் விறகு கிளறும் இரும்புக் கம்பியால் ஹெலனின் மண்டையைப் பிளந்தான். பாலகுரு புத்தகத்தை மூடினான்.

“தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கண்ணே. உசுரு மிஞ்சும்.”

“வாயில வர மாட்டேங்குதுடா.”

“அப்ப சரிங்கிறீங்களா?”

“அதுவும் வர மாட்டேங்குது.”

கம்பி அவன் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே வந்து அந்தரத்தில் நின்றது. அப்படியே நின்றுவிட்டது. சைட்டில் அதன் முனைக்குச் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். அடுத்த லீவுக்கு அதோடுதான் விமானம் ஏறினான். ஊரில் பூவாயி, கோணலாகக் கூடிய கையை நீட்டிக் கம்பியைத் தொட்டாள். சுட்டது. யாருடையது என்று கேட்டாள். ஒரு வெள்ளைக்காரனுடையது என்றான். மழைக்காலம், நாலு நாளாகத் துணி காயவில்லை. அவனை நடுவீட்டில் உட்காரச் சொல்லி, ஈரச்சேலையை அதில் விரித்துப் போட்டாள். சேலைக்குள், காயும் வரை, அவன் தலையை அசைக்கவில்லை.