மீன்தொட்டிக்கு ஒரு லைன்

கரண்ட் போனால் மீனுக்கு மூச்சு முட்டிவிடுமாம். எனக்கு மட்டும் என்ன, செவுளா முளைத்திருக்கிறது?

இதை வாய்விட்டுச் சொல்லாமல் அவள் வெங்காயத்தை நறுக்கினாள். ஹாலில் எலெக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று புது இன்வெர்ட்டருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாதபோது எதெல்லாம் ஓட வேண்டும் என்று கணவன் கீழே நின்று வரிசையாகச் சொல்லி முடித்திருந்தான். ஹால் ஃபேன், படுக்கையறை ஃபேன், அவன் அம்மாவின் அறை, டிவி. கடைசியாக, மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார்.

அந்த வரிசையில் சமையலறை வரும் வரும் என்று கத்தியை நிறுத்தி நிறுத்திக் காதுகொடுத்திருந்தாள். வரவில்லை. ஈரக் கையோடு ஹாலுக்குப் போனாள்.

"என்னங்க, சமையலறை ஃபேனையும் சேத்துக்கச் சொல்லுங்க."

"அங்க எதுக்கு? காத்துல அடுப்பு அணைஞ்சிரும்."

"சுவத்து ஃபேன்தானே, தினமும் போட்டுக்கிட்டுதான் சமைக்கிறேன். ஒரு நாளாவது அணைஞ்சிருக்கா?"

"லோடு தாங்காது."

"தாங்கும் சார்," என்றார் எலெக்ட்ரீஷியன் மேலேயிருந்து. "பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்."

"இறங்குதுல்ல? அதத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப மீன்தொட்டிய எடுத்துருங்க."

"செத்துரும்டி!"

"போன வாரம் நான் மயங்கி விழுந்தேனே?"

"தண்ணி குடிக்காம நின்னா யாரா இருந்தாலும் விழத்தான் செய்வாங்க. மீனப் பாரு, நாள் முழுக்கத் தண்ணியிலயே இருக்கு, ஒரு தடவ விழுந்திருக்கா?"

மாமியார் சிரித்தாள். எலெக்ட்ரீஷியன்கூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"நாங்கல்லாம் ஃபேனையா கண்டோம்?" என்றாள் மாமியார். "இவளுக்கு என்ன, இரும்பு உடம்பு. சூடே உறைக்காது."

அதுதான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது அவளே சொன்ன வார்த்தை. கல்யாணமான புதிதில், "எனக்குச் சூடே உறைக்காது அத்தை, நீங்க போய் உக்காருங்க" என்று பெருமையாகச் சொல்லி மாமியாரை ஹாலுக்கு அனுப்பியிருக்கிறாள். வந்தவர்களிடமெல்லாம் கணவன் அதைச் சொல்லிப் பாராட்டியபோது உள்ளுக்குள் பூரித்துமிருக்கிறாள். நல்ல பெயருக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பொய்யை இவர்கள் உண்மையென்று நம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்பவில்லை, வசதியாக இருந்ததால் வைத்துக்கொண்டார்கள். கோபம் அவர்கள்மேல் பாய்ந்து, பாதி வழியில் திரும்பி, அவளையே கடித்தது.

போன வாரம் மயங்கி விழுந்து நினைவு திரும்பியபோது கன்னம் சமையலறைத் தரையில் ஒட்டியிருந்தது. காதில் முதலில் விழுந்தது ஹாலிலிருந்து வந்த அவன் குரல்: "என்ன, ஏதோ தீயிற வாசன வருது?" என்ன விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஃபேன் பேச்சு மாமியார் சொன்னதோடு முடிந்துபோனது. எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் கரண்ட் போனது. ஹால் ஃபேன் நிற்கவே இல்லை. சமையலறை ஃபேன் மட்டும் தளர்ந்து, இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, நின்றது.

"பாத்தியாம்மா, கண் சிமிட்டக்கூட இல்ல!" என்று கணவன் கைதட்டினான். அவனோடு வேலை பார்க்கும் நால்வரைச் சாப்பிட அழைத்திருந்தான். புது இன்வெர்ட்டரைக் காட்டத்தான்.

சோறு இறக்கியாகிவிட்டது. குழம்பு பாதிக் கொதியில் இருந்தது. பொரியலுக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்தது காற்றல்ல, எதிர்ச்சுவரின் அனல். வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. தலை லேசாகக் கிறுகிறுத்தது. அவள் இரண்டு அடுப்பையும் அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவனுடைய நாற்காலி.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

"அவங்க தெருமுனைக்கு வந்துட்டாங்களாம். எந்திரி."

அவள் அசையவில்லை.

"உன்னத்தான். மானத்த வாங்காத."

மாமியார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "போயேன் கண்ணு. கொஞ்ச நேரந்தானே?"

ஃபேன் காற்றில் கழுத்து வேர்வை குளிர்ந்தது. இவ்வளவு சுகமா இது? இதை வைத்துக்கொண்டா தர மறுத்தார்கள் என்று நினைத்தபோது பல் இறுகியது.

"கரண்ட் வரட்டும்ங்க," என்றாள்.

"அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியல," என்றாள், குரலை உயர்த்தாமல். பின்னால் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். வெளியே கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.