இரண்டு பேர் உட்காரும் படகு

காற்றடித்த படகு கதவில் மாட்டிக்கொண்டது. மகளும் மருமகனும் அதைச் சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். ஒரு முனையை வெளியே தள்ளினால் மறுமுனை சுவரில் இடித்தது. காலையில் அவள் எழுப்பப் போனபோதே புருஷன் உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இனி அவரைக் கூடத்தில் கிடத்த வேண்டும். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும். கூடத்தையே அடைத்துக்கொண்டு படகு நின்றது.

"காத்த எறக்காம இது போகாதும்மா," என்றாள் மகள்.

"உள்ள வச்சு ஊதும்போதே உங்கப்பா யோசிச்சிருக்கணும்."

செத்தவரைத் திட்டுகிறோமே என்று இருந்தது. திட்டவும் வேண்டும்போல இருந்தது.

புதுப் படகை ஒரு ராத்திரி முழுக்கக் காற்றோடு வைத்து, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். சொன்னது அவர் கூட்டாளி தக்கை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். தண்ணீரில் போட்டால் மிதக்கும் அளவுக்கு ஒல்லி என்று அவள் புருஷன்தான் அந்தப் பெயரை வைத்தார். இருவரும் நகமும் சதையும். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தூண்டிலோடு, மற்ற நாளெல்லாம் போனில். "எனக்குச் சக்களத்தி மீசையோட வந்திருக்கா," என்று மகளிடம் ஒருமுறை சொன்னாள். மகள் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் அவளை ஒரே ஒருமுறை பார்த்துச் சரி என்றவர், படகை நாலு மாதம் பார்த்தார். அடியில் பலகை போட்டதா, அதுவும் காற்றடிக்கிறதா? ஒரு பக்கம் முள் குத்தினால் மறுபக்கம் தாங்குமா? தூண்டில் முள்ளுக்குக் கிழியாத துணியா? சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்தில் படகுப் படம்தான். ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"மூணு பேர் உக்கார்ற மாதிரி வாங்குனா என்னவாம்?"

"கனம் ஜாஸ்தி. யாரு தூக்குறது?"

மூணாவது ஆள் யார் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் படகு என்றாலே ஆகவில்லை.

தக்கை வந்தார். உள்ளறையில் எட்டிப் பார்த்தவர், நிலைப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வந்திருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் முதுகைத் தடவினார். "பாவம், கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தாரு," என்றாள் எதிர்வீட்டுக்காரி. கட்டினவள் இங்கே கல்லாட்டம் நிற்கிறாள், ஆறுதலெல்லாம் அங்கே போகிறது. அவளுக்கு வயிறு எரிந்தது.

"இவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க. பாட்டிலத் தொறக்கவே முடியலையே!" என்று ஒருவர் பாட்டிலோடு வந்தார்.

நேற்று அவள் புருஷன் மூடிய பாட்டில். குழாய் வேலை பார்த்த கை, எந்த மூடியையும் உயிர் போகிற மாதிரி இறுக்கிவிடும். இத்தனை வருஷமும் அவள் அடுப்படி ஆணியில் ஒரு பழந்துணி தொங்கவிட்டிருப்பது இதற்காகத்தான். துணியைச் சுற்றித் திருகி, பாட்டிலைத் திறந்து, தக்கையிடம் அவளே நீட்டினாள். இதுவும் என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டாள்.

குடித்துவிட்டுத் தக்கை எழுந்து படகின் அடைப்புகளைத் திறந்தார். புஸ்ஸென்ற சத்தம் வெகுநேரம் கேட்டது. படகு மடிந்து தரையில் படுத்தது. மீதி இருந்தவை இரண்டு இருக்கைகள், தலையணை போல. பம்பின் மூக்கு அவற்றுக்குச் சேரவில்லை என்று நேற்றுச் சாயங்காலம் இருவரும் ஆளுக்கு ஒன்றாக வாயால் ஊதினார்கள். புருஷன் மூச்சு வாங்கியது அடுப்படிவரை கேட்டது.

தக்கையின் கை ஓர் இருக்கையின் மூடிக்குப் போனது.

"அத விடுங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு ஊதுனது எது?"

இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு. தக்கை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுதான் அண்ணி."

வாங்கிக்கொண்டாள். அவரோ மற்றதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தான் ஊதியதை யாராவது இப்படி அணைப்பார்களா?

"அதையும் குடுங்க."

"அண்ணி, இது..."

"குடுங்க தம்பி."

கொடுத்துவிட்டார். இரண்டையும் கொண்டுபோய் உள்ளறை பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவரைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் எடுத்துப் போனார்கள். முன்னால் தோள் கொடுத்தது தக்கை. எல்லாம் முடிந்து திரும்பியவர்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மகள் அழுத களைப்பில் சுருண்டு தூங்கிவிட்டாள். தக்கை மட்டும் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

அவள் உள்ளறைக்குப் போனாள். கடைசியாகப் பிடுங்கிய இருக்கையை முதலில் எடுத்தாள். மூடியில் இரண்டு விரலை வைத்ததுமே சுழன்றது. கொஞ்சம் காற்று கையில் பட்டது. சட்டென்று மூடினாள். அடுத்தது, தக்கை முதலில் கொடுத்தது. விரலுக்கு அசையவில்லை. முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் திருகினாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

தக்கை பொய் சொல்லவில்லை. அதற்கும் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

லேசாகத் திறந்துகொண்ட இருக்கையை எடுத்துப்போய் வாசற்படியில் வைத்தாள். "உங்களோடது," என்றாள். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை.

திரும்பி வந்து கட்டிலில், அவர் படுத்திருந்த பக்கமாக உட்கார்ந்து, மற்றதை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை மூடியைத் திருகிப் பார்த்தாள். அசையவே இல்லை.

அடுப்படி ஆணியில் துணி தொங்கியது, உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் அதை எடுக்கப் போகவில்லை.