வாங்காத வெற்றிலை

அரசப்பன் மைக்கைப் பிடித்தால் நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரயில்கூட ஊதத் தயங்கும் என்று சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசி அரசப்பனே. ஆனாலும் பேச்சு நல்ல பேச்சுதான். அறுபத்தேழில் ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியும் மேடைப்பேச்சுக்கு மவுசு குறையாத காலம் அது. எங்கள் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் குரல் என்றால் அவன் குரல்தான். ஒரே ஒரு குறை. கூட்டத்தில் கைதட்டியவர்கள் விடிந்ததும் அதே பழைய கூலிக்குத் துரைராசு பண்ணையின் களத்தில்தான் போய் நிற்பார்கள்.

குறுவை அறுப்புக்கு முன்னால் பண்ணை ஏஜெண்டு வெற்றிலைத் தட்டோடு தெருவுக்கு வருவார். வாசல் வாசலாக நின்று வெற்றிலை பாக்கை நீட்டுவார். வாங்கிவிட்டால் பழைய கூலிக்கே அறுக்க வருவதாக வாக்கு. வாங்கிய பிறகு பேச்சு மாறுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்த வருஷம் களத்தில் அளக்கும் ஒவ்வொரு கல நெல்லுக்கும் கூலியில் அரைப்படி கூட்டித் தரும்வரை யாரும் வெற்றிலை வாங்கக்கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. ஒரு வீடு கை நீட்டினாலும் எல்லாம் போச்சு. தெருவைக் கட்டி நிறுத்தும் பொறுப்பை அரசப்பனுக்குத் தராமல் நீலாம்பாளுக்குத் தந்துவிட்டார்கள்.

நீலாம்பாள் நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவள். மேடை ஏறினால் கால் நடுங்கும். நாற்றுப் பறித்துக்கொண்டே பக்கத்தில் குனிந்திருப்பவளிடம், "நீ என்னக்கா நெனைக்கிற?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். பதில் சொன்னவள் அப்புறம் அந்தப் பதிலை விட்டு இறங்கமாட்டாள்.

அரசப்பனுக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்தாலும் அவள் முகம்தான் முன்னால் நின்றது.

"பேசத் தெரியாதவளுக்குப் பொறுப்பு. தொண்ட கிழியப் பேசுனவன் வேடிக்க பாக்கணுமா?"

அவன் மனைவி வேம்பு குழம்பை ஊற்றினாள். "நீங்க பேசுறப்ப வேற யாராச்சும் வாயத் தொறக்க முடியுதா?" என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

ஒரே ஒரு வீடு வெற்றிலை வாங்கினால் போதும், நீலாம்பாள் பேர் சேற்றில் விழும். அப்புறம் சங்கம் தன்னைத் தேடி வந்தே தீரும் என்று கணக்குப் போட்டான். சங்கத்துக்கு எதிராகப் பேசினால் மாட்டிக்கொள்வோம். சந்தேகம் கேட்டால் யார் குற்றம் சொல்ல முடியும்? முதலில் சாமிதுரை வீட்டுக்குப் போனான்.

"மச்சான், ஒரு சந்தேகம். பண்ண வெளியூரு ஆள எறக்கிட்டா நீ என்ன பண்ணுவ?"

சாமிதுரை தலையைச் சொறிந்தான். "எறக்கட்டுமே. ஐப்பசி மழ வாசல்ல நிக்குது. வெளியாளு வந்து சேர்றதுக்குள்ள கதிரு சாஞ்சி வயல்லயே மொளச்சிரும். அவசரம் அவருக்கா நமக்கா?" சொல்லி முடித்ததும் தன் பேச்சைத் தானே கேட்டு அசந்துபோனான்.

அடுத்து ராசம்மாள் வீடு.

"பெரியம்மா, குடியிருக்கிற மனை பண்ணையோடது. காலி பண்ணுன்னா எங்க போவ?"

"ஏம்ப்பா, குடியிருக்கிறவங்களுக்கே மனைன்னு சட்டம் வந்துருச்சுன்னு நீதான மேடையில கத்துன? காலி பண்ணச் சொல்லட்டும், பாப்போம்."

அரசப்பன் விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினான். எங்கள் ஆட்களுக்குப் பண்ணை முன்னால் "சரிங்கய்யா" தவிர வேறு சொல் வாயில் வந்ததில்லை. இப்போது அதே பண்ணையின் கேள்வியைத் தங்களில் ஒருவன் கேட்டான். அவனிடம் என்ன பயம்? எதிர்த்துப் பேசினார்கள். பேசப் பேச நாக்குப் பழகியது. பொறாமை பிடித்தவன் கண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நீலாம்பாள் தலைகுனிந்து நிற்கப்போவது மட்டும்தான் தெரிந்தது.

ஏஜெண்டு தியாகராசன் வந்தார். சாமிதுரை வழக்கம்போல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். வெற்றிலைக்குக் கை நீட்டவில்லை.

"வெளியூரு ஆளு வந்தா என்னடா பண்ணுவ?"

"வரட்டுங்கய்யா. அதுக்குள்ள மழ வந்துருங்களே."

ராசம்மாளிடம் மனையைப் பற்றிக் கேட்டார். சட்டத்தைப் பற்றி அவள் பாடம் நடத்தினாள். எந்த வாசலில் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. கடைசியில் அரசப்பன் வாசல். தெருவே திரும்பிப் பார்த்ததில் அவனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தட்டு வந்தபடியே திரும்பிப் போனது. அந்த வாரமே கிழக்கே மேகம் கட்டியது, பண்ணை அரைப்படிக்கு இறங்கி வந்தது.

அறுப்பு முடிந்து கூட்டம் போட்டார்கள். நீலாம்பாளுக்கு வாங்கிய மாலை. மேடை ஏறியவள் அதை வாங்கி அரசப்பன் கழுத்தில் போட்டாள்.

"ஏஜெண்டு என்னென்ன கேப்பாருன்னு முன்கூட்டியே வீடு வீடாக் கேட்டு நம்மளப் பழக்குனது அண்ணன்தான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வருஷக்கணக்காக அவன் ஏங்கிய கைதட்டல். மாலையைச் சரிசெய்கிற சாக்கில் நீலாம்பாள் அவன் காதருகே குனிந்தாள்.

"நீங்க எதுக்குக் கேட்டீங்கன்னு தெரியும்ணே. ராசம்மா பெரியம்மா அன்னிக்கே வந்து சொல்லிருச்சு. மிச்ச வீட்டுக்கும் போவட்டும்னு நாந்தான் விட்டேன்."

மைக்கை அவனிடம் நீட்டினார்கள். அரசப்பன் வாயைத் திறந்தான். ஒரு சொல்லும் வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"பாவம், சந்தோஷத்துல பேச்சு வரல," என்று சாமிதுரை எழுந்து நின்று கைதட்டினான்.