பேர் சொல்லாதவள்

படவேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து இறங்க இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. தன் மனதில் வேறொருவர் இருப்பதை அதற்குள் காந்தா அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள்தான். அப்பா முன்னால் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

அன்று சனிக்கிழமை. புதூர்நாட்டு ஊராட்சி டி.வி. முன்னால் சனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் விஞ்ஞானியின் தொடர். அவன் எந்த நூற்றாண்டில் இறங்கினாலும் வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி கூடவே இறங்கினாள். அவள் யார் என்பது இன்று தெரிந்துவிடும்.

"போலீசுக்காரி. வேவு பாக்கறா" என்றார் காந்தாவின் அப்பா கோபால்சாமி.

"எதிர்காலத்துலேர்ந்து வந்த பேத்தியா இருக்கலாம்" என்றாள் காந்தா, தரையைப் பார்த்து.

"அட போம்மா, படிச்சவளே!" என்றாள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா. "ராசாவையே பேர் சொல்லிக் கூப்புடறா. அந்தாளை மட்டும் 'இந்தாங்க'ன்றா. பொண்டாட்டி இல்லாம வேற இன்னா?"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. புருஷன் பேரை ஒருநாளும் சொல்லாத வாய்கள் அத்தனையும் ஆமாம் போட்டன.

"நான் யார் தெரியுமா?" என்று திரையில் அவள் கேட்டாள். வெளியே காற்று வீசியது. படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது.

ஜீப் ஓட்டும் பழனி கூரைமேல் தாவி ஏறி ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்தான்.

"பழனி, இந்தாண்ட திருப்புடா!"

"டேய் பழனி, அந்தாண்டடா!"

"ஒரே ஆளு சொல்லுங்கய்யா!" என்று மேலிருந்து குரல் வந்தது.

காந்தாவுக்குப் பொறுக்கவில்லை. அலை மெட்ராஸிலிருந்து வருகிறது. இவர்களோ கம்பத்தைத் தெற்கேயும் வடக்கேயும் திருப்பச் சொல்கிறார்கள். வாசலுக்கு ஓடினாள்.

"இந்தாங்க! கிழக்கால திருப்புங்க!"

படம் பளிச்சென்று வந்தது. வெள்ளைச் சேலைக்காரி தான் யாரென்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க ஆளில்லை. எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபால்சாமி எழுந்து வந்தார்.

"ஊரே அவனைப் பேர் சொல்லிக் கூப்புடுது. உனக்கு மட்டும் இன்னாம்மா இந்தாங்க?"

பழனி நின்ற கூரையிலிருந்து ஓடு ஒன்று சரிந்து விழுந்தது. காந்தா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"பழனியைத்தான் நான் கட்டிக்கப் போறேம்ப்பா."